அவலட்சணம் என்னும் அச்சம்



மனோவியாதிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளங்கும் முறையில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நிகழ வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அமைந்த இந்த அறக்கட்டளையின் சார்பில் என்னை அழைத்தபோது, மனச்சோர்வைப் பற்றியோ மதுப்பழக்கத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றிப் பேச வல்லவர் பலர் இருக்கிறார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ இருவரைப் பீடித்திருந்தும், பீடிக்கப்பட்டவர் வெட்கத்தால் மறைப்பதனாலும், கேட்டவர் சிரித்துவிட்டுப் போவதனாலும், பெயர்கூடத் தெரியாமல் கிடக்கிற ஒரு நோய்க்கு இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க விரும்புகிறேன். டாக்டர்கள் அதை ‘பாடி டிஸ்மார்பிக் டிஸார்டர்’ என்கிறார்கள். நான் அதை ‘அவலட்சண அச்சம்’ என்றே இன்று குறிப்பிடுவேன். அந்நோய்க்கு முதன்முதலில் இடப்பட்ட பெயரின் பொருளும் அதுதான்.

1891ஆம் ஆண்டில் என்ரிக்கோ மோர்செல்லி என்ற இத்தாலிய மனோவைத்தியர், தம் சரீரத்தில் ஏதோ ஓர் அங்கம் விகாரமாக இருக்கிறது, அல்லது விகாரமாகிவிடப்போகிறது என்ற எண்ணத்தால் அல்லற்படும் மனிதர்களை வருணித்து, அந்த நிலைக்கு ‘டிஸ்மார்போபோபியா’ என்று பெயர் வைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே விகாரம் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மனிதரோ, பேசிக்கொண்டிருக்கும்போதும், படித்துக்கொண்டிருக்கும்போதும், இலையில் சோற்றுக்கு முன் உட்கார்ந்திருக்கும்போதும், அந்தச் சந்தேகம் திடீரென்று வந்து பற்றிக்கொள்ள, செய்த காரியத்தில் சித்தம் செல்லாமல் தவிப்பார். சினிமா பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு எழுதப்பட்ட வருணனை இது என்பதை நினைவில் வைக்க வேண்டுகிறேன். விளம்பரங்களும் சிவப்பழகு களிம்புகளும் செல்பேசிக் காமிராவும்தான் இந்த நோயைப் பெற்றெடுத்தன என்று சொல்லக் கேட்கிறேன். அவை எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நெருப்பு அவற்றுக்கு முந்தியது.

‘டிஸ்மார்போபோபியா’ என்ற பெயரின் முற்பகுதியான கிரேக்கச் சொல் ஹெரோடோட்டஸ் எழுதிய சரித்திரத்தில் வருகிறது. ஸ்பார்ட்டா நகரத்தில் செல்வம் மிக்க ஒரு வீட்டில் அவலட்சணமான ஒரு பெண் குழந்தை இருந்தது. பெற்றோர் படும் வேதனையைக் கண்ட செவிலித்தாய், தெராப்னே என்னுமிடத்தில் இருந்த, அழகுக்குப் பேர்போன ஹெலனின் கோயிலுக்கு அதை நாள்தோறும் தூக்கிச் சென்று, இந்தக் குறையை நீக்கியருள வேண்டும் என்று பிரார்த்தித்து வந்தாள். ஒரு நாள் கோயிலிலிருந்து திரும்பும்போது ஒரு பெண்மணி எதிர்ப்பட்டு, கையில் என்ன என்று கேட்டாள். குழந்தை என்றாள் செவிலி. காட்டு என்றாள் அவள். யாருக்கும் காட்டக்கூடாது என்பது பெற்றோர் இட்ட கட்டளையாதலால் செவிலி மறுத்தாள்; பிறகு வற்புறுத்தலுக்கு இணங்கிக் காட்டினாள். அந்தப் பெண்மணி குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்து, ஸ்பார்ட்டாவின் பெண்களிலெல்லாம் இவளே அழகி ஆவாள் என்று சொல்லிப் போக, அன்று முதல் குழந்தையின் ரூபம் மாறிற்று. பிற்காலத்தில் அவள் ஓர் அரசனுக்கே மனைவியானாள்.

கதையில் முகம் மாறியது, துயரம் தீர்ந்தது. இந்த நோயில் அப்படித் தீராது. எந்தத் தெய்வம் தடவிக்கொடுத்தாலும் தீராது. ஏனென்றால் நோய் முகத்தில் இல்லை. நான் இன்று சொல்ல வந்த விஷயமே இதுதான். ஆனால் இதைப் புத்தகத்தில் படித்தும் நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஒரு நோயாளியிடம் தவறு செய்த பிறகே விளங்கிக்கொண்டேன்.

படிப்பு முடிந்து நான் தொழில் தொடங்கிய புதிதில், கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தாள். வயது இருபத்திரண்டு. கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டவன். அறைக்குள் வந்தவன் உட்காருவதற்கு முன்னே நாற்காலியைத் தூக்கி, தன் இடது பக்கம் சுவரை நோக்கும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான். மடித்த கைக்குட்டை ஒன்று, வியர்வை துடைப்பவனைப் போல, அவன் மூக்கருகே இருந்துகொண்டே இருந்தது. “காலையில கண்ணாடி முன்னால நின்னான்னா பத்து மணியாயிருதுங்கய்யா. பஸ்ஸுல கூட ஒரே பக்கத்து சீட்டுலதான் உக்காருவேங்கறான். அது இல்லேன்னா ரெண்டு பஸ்ஸ விட்டுர்றான்” என்றாள் தாய். தன் மூக்கு இடது புறமாகக் கோணியிருக்கிறது என்றும், தெருவில் இரண்டு பேர் சிரித்தால் அது அந்தக் கோணலைக் கண்டே என்றும் அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான். நான் எழுந்து போய், விளக்கைத் திருப்பி, அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கோணல் ஒன்றும் இல்லை. இளமையின் தன்னம்பிக்கையோடு, “தம்பி, உனக்கு ஒன்றுமே இல்லை, மூக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது, மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே” என்று சொல்லி அனுப்பினேன். வாசற்படியில் நின்று அவன், “நீங்களும் அதத்தான் சொல்றீங்க சார்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. ஒரு கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்டவன் பேசுவதைப்போல் இருந்தது.

இரண்டு ஆண்டுகள் அவன் வரவில்லை. வந்தபோது அவன் மூக்கில் பிளாஸ்டிக் சர்ஜரி நடந்து முடிந்திருந்தது. அதற்காகத் தாயின் காதில் கழுத்தில் இருந்தவை போயிருந்தன. இப்போது நாற்காலி மறுபுறமாகத் திரும்பிற்று. கோணல் வலது பக்கம் வந்துவிட்டது என்றான். முன்னே இருந்ததாவது கடவுள் கொடுத்தது, இது நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டது என்று சொல்லி அழுதான்.

‘உனக்கு ஒன்றுமில்லை’ என்ற என் வாக்கு பொய்யன்று. ஆனால் அது விடையாகவும் இல்லை. மூக்கைப் பற்றிய கேள்விக்கு மூக்கைப் பற்றி விடை சொன்னேன். அந்தச் சர்ஜனும் தம் கத்தியால் அதே கேள்விக்குத்தான் விடை சொன்னார். இந்நோயாளிகளில் நான்கில் மூவர் அளவுக்குத் தோல் டாக்டரையோ பல் டாக்டரையோ சர்ஜனையோ நாடுகிறார்கள் என்றும், அவ்விதம் பெற்ற சிகிச்சைகளில் மிகப்பெரும்பாலானவை நோயைத் தணிப்பதில்லை என்றும் தெரியவந்திருக்கிறது. சிலருக்கு அங்கே குறைந்த கவலை மூக்கிலிருந்து இறங்கித் தாடைக்கோ, ஏறி முன்நெற்றி மயிருக்கோ குடிபோய்விடுகிறது.

இதன் மிகத் தெளிவான உதாரணம் மருத்துவ உலகம் முழுவதும் அறிந்த ஒருவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. செர்கெய் பங்கெயெஃப் என்ற ருஷ்யப் பிரபு, தாம் சிறுவயதில் மரக்கிளையில் ஓநாய்கள் உட்கார்ந்திருப்பதாகக் கண்ட கனவின் காரணமாக ‘ஓநாய் மனிதர்’ என்று பெயர்பெற்றவர். 1910 முதல் 1914 வரை வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டிடம் சிகிச்சை பெற்றார். புரட்சியில் சொத்தை இழந்து, வியன்னாவிலேயே இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகத்தில் காலந்தள்ளிய அவர், 1926ஆம் ஆண்டில், நாற்பதை நெருங்கும் வயதில், மீண்டும் நோயுற்றார். பிராய்ட் அவரை ரூத் மாக் பிரன்ஸ்விக் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியரிடம் அனுப்பினார். பங்கெயெஃபின் முறையீடு இது: மூக்கில் தோன்றிய பருக்களுக்காகத் தோல் வைத்தியர் மின்சாரத்தால் செய்த சிகிச்சை அங்கே ஆறாத ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிட்டது, தாம் இனி மனிதர் முன் நடமாட முடியாதவராகிவிட்டோம்.

பிரன்ஸ்விக் அம்மையார் 1928இல் வெளியிட்ட கட்டுரையில் அவரை நாம் கண்முன்னே காண்கிறோம். தெருவில் போகும்போது ஒவ்வொரு கடையின் கண்ணாடிச் சாளரத்திலும் அவர் தம் மூக்கைப் பார்க்கிறார். சட்டைப்பையில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. சில நிமிஷங்களுக்கு ஒரு முறை அது வெளியே வருகிறது. மூக்குக்குப் பவுடர் போடுகிறார், மறுகணம் சரியாயிருக்கிறதா என்று பார்க்கிறார், துடைத்துவிடுகிறார், பிறகு தோலின் நுண்துவாரங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார், பள்ளம் வளர்கிற அந்தக் கணத்திலேயே அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பவரைப்போல. அந்த மூக்கைப் பார்த்த மற்றவர்களுக்கோ அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. அம்மையார் இதற்குச் சொன்ன காரணங்களை, பிராய்டின் வழியில் நெடுந்தூரம் போனவை என்பதனால், இன்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவர் கண்ணால் கண்டு எழுதியதை என் அறையில் அந்த நாற்காலியில் எத்தனையோ முறை நானும் கண்டிருக்கிறேன். பவுடர் டப்பாவுக்குப் பதில் செல்பேசி வந்திருக்கிறது. படம் எடுப்பதும், பெரிதாக்கிப் பார்ப்பதும், அழிப்பதும், மறுபடி எடுப்பதும்.

இந்த நோய் சராசரியாகப் பதினாறு, பதினேழு வயதில் தொடங்குகிறது. மூன்றில் இருவருக்கு, பதினெட்டு நிறைவதற்குள். ஆணென்றும் பெண்ணென்றும் அதிக பேதமில்லை. தோல், தலைமயிர், மூக்கு ஆகிய மூன்றுமே அதிகமாக அதன் இலக்காகின்றன. இளைஞர்களில் சிலருக்கு இது வேறு வேஷம் பூண்டு வருகிறது: தசை திரண்ட வாலிபன், தான் நோஞ்சானாக இருப்பதாக நம்பி, நாளில் பல மணி நேரம் ஜிம்மில் கழித்து, கோடையிலும் சட்டைமேல் சட்டை அணிந்து, ஸ்டிராய்டு ஊசிக்கும் துணிந்துவிடுகிறான். அமெரிக்க மனோவைத்தியர் ஹாரிசன் போப்பும் அவருடைய சகாக்களும் 1990களில் இதை எடுத்துரைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சூட்டப்பட்ட ஒரு பட்டப்பெயர், உறவினர் கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லப்பட்ட ஒரு கேலி, நோயாளிகளின் ஞாபகத்தில் தேதியோடு பதிந்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். கேலிக்கு ஆளான எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் நம் வீடுகளில் குழந்தையின் நிறத்தையும் பல்லையும் அதன் காதில் விழும்படி விமரிசிக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன்.

அழகாயிருக்க விரும்புவது நோயன்று. முகப்பருவுக்கு வருந்தாத கல்லூரி மாணவன் உண்டா? நாளில் மூன்று முதல் எட்டு மணி நேரம் வரை அந்த ஓர் எண்ணமே மனத்தை ஆக்கிரமித்து, பார்த்தல், மறைத்தல், தடவுதல், பிறரோடு ஒப்பிடுதல், ‘நன்றாயிருக்கிறதா’ என்று கேட்டல் ஆகிய கிரியைகளில் அவனை நிர்ப்பந்தமாகச் செலுத்தி, படிப்பையும் வேலையையும் சிநேகத்தையும் அறுத்துவிடும்போதே அது நோய். இது தற்பெருமையின் முற்றிய நிலை என்று நினைப்பவர்கள் நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்கள். தன்னை மெச்சுகிறவன் கண்ணாடியை விட்டுச் சந்தோஷத்தோடு அகல்கிறான். இவன் குற்றவாளி தீர்ப்புக்கு நிற்பதுபோல் அதன் முன் நிற்கிறான்.

அவன் பார்ப்பதுதான் என்ன? 2007ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜேமி ஃபாய்ஸ்னர் என்ற மனோவைத்தியரும் அவர் குழுவினரும், சிலரைக் கொண்டு, சிறிய அளவில், ஆனால் மிகுந்த நுட்பத்தோடு ஒரு பரிசோதனை செய்தார்கள். முன்பின் அறியாதவர்களின் முகப்படங்களை மூன்று விதமாகக் காட்டினார்கள்: இயல்பான படம், நுண்ணிய கோடுகள் மட்டும் எஞ்சிய படம், நுணுக்கமெல்லாம் மங்கி மொத்த வடிவம் மட்டும் தெரியும் படம். மங்கிய படத்தைக் காணும்போதும் இந்நோயாளிகளின் மூளையில், நுணுக்கங்களைப் பிரித்தறியும்போது வேலை செய்கிற இடப்பகுதியே அதிகமாக ஈடுபட்டது. கவனியுங்கள்: அவை அவர்களுடைய முகங்கள் அல்ல. பிறர் முகத்தையும்கூட அவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். வாசலில் போட்ட கோலத்தைக் காணாமல், புள்ளி ஒவ்வொன்றும் நேராக நிற்கிறதா என்றே காண்கிற கண் அது. அந்தக் கண்ணுக்கு எந்தக் கோலம்தான் குற்றமற்றதாகத் தோன்றும்?

ஆகவே அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிவதைச் சொல்கிறான். ‘அழகாய்த்தானே இருக்கிறாய்’ என்று தாய் சொன்னால், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று அதைத் தள்ளிவிடுகிறான். நண்பன் சொன்னால் இரக்கத்தால் சொல்கிறான் என்கிறான். அந்த ஆறுதல் ஒரு நாழிகை நிற்கும். பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்க வைக்கும். வீட்டார் அன்போடு கொடுக்கும் ஒவ்வொரு சமாதானமும் கண்ணாடியின் இடத்தை எடுத்துக்கொண்டு, இன்னொரு கிரியையாக முடிந்துவிடுகிறது.

இதை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் சாஸ்திரம் நெடுங்காலம் தடுமாறிற்று. அமெரிக்க மனோவைத்திய சங்கத்தின் கையேடு 1980இல் இதை ஓர் உதாரணமாக மட்டும் குறிப்பிட்டு, 1987இல் தனிப்பெயர் தந்து, 2013இல்தான் எண்ணச் சுழற்சி நோயாகிய ஓ.சி.டி.யின் குடும்பத்தில் கொண்டு சேர்த்தது. சிகிச்சையின் அனுபவம் இந்த உறவை முன்னமே காட்டியிருந்தது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் குளோமிப்ரமின், டெசிப்ரமின் என்ற இரண்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். இரண்டும் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படுகிறவை. ஆனால் செரட்டோனின் என்னும் மூளை ரசாயனத்தின்மேல் வேலை செய்கிற முதலாவதே இந்நோய்க்கு நன்கு பலித்தது. தம் குறை உண்மையே என்று அசைக்க முடியாமல் நம்பியவர்களுக்கும் அது பலித்தது என்பதே எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுகிறது. ‘என் மனத்தில் கோளாறு இருக்கிறது’ என்று நோயாளி ஒப்புக்கொண்ட பிறகுதான் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில்லை.

இன்று ஃபுளூவாக்ஸடின், எஸ்ஸிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றைத் தருகிறோம். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. போதைபோல் பழகிவிடுகிறவையும் அல்ல. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு பலருக்குத் தேவைப்படுகிறது. பலன் தெரியப் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறவர்களே நம்மிடையே அதிகம். குணமானதும் தாமாகவே நிறுத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம்: இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் கேத்தரின் ஃபிலிப்ஸ் அம்மையாரும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், எஸ்ஸிட்டலோபிராமால் குணம் கண்டவர்களில் அதைத் தொடர்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பியது 18 சதவீதம், வெறும் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 40 சதவீதம்.

மற்றொரு வழி, எண்ணத்தையும் நடத்தையையும் திருத்துகிற சி.பி.டி. சிகிச்சை. வாரம் ஒரு முறையாகப் பல மாதம் நடப்பது. மறுபடி வந்த அந்த இளைஞனைக் கொண்டே சொல்கிறேன். முதலில் கண்ணாடியைப் பார்க்கக் கற்றான். பார்க்காமலிருக்க அல்ல, பார்க்கத்தான். மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்றவனைச் சில அடிகள் பின்னே நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை, வழக்கில் சாட்சி சொல்பவன்போல, தெரிவதை மட்டும் சொல்லச் செய்தோம். ‘அசிங்கம்’, ‘கோணல்’ ஆகிய சொற்களுக்கு இடமில்லை. ‘நெற்றியில் இரண்டு கோடு’, ‘சட்டையில் நீலக் கட்டம்’ என்பவற்றுக்கு இடமுண்டு. நேரம் முடிந்ததும் விலகிவிட வேண்டும். பிறகு கைக்குட்டையை வீட்டில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகும் நாள் வந்தது. அங்கே எத்தனை பேர் உன் மூக்கைப் பார்ப்பார்கள் என்று முன்னதாக எழுதித் தரச் சொன்னேன். “எல்லாரும்” என்று எழுதினான். டம்ளரைப் பிடித்த கை நடுங்க, குனிந்த தலையை நிமிர்த்தி, ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தவனுக்கு, தன் பக்கம் திரும்பியவர் ஒரே ஒருவர்தான் என்று தெரிந்தது. அவரும், “தம்பி, செத்த தள்ளி உக்காருங்க” என்று பெஞ்சில் இடம் கேட்பதற்காகத் திரும்பினவர்.

ஒரு டீயோடு நோய் போய்விடவில்லை. பழைய இடத்துக்கே இரண்டு முறை திரும்பிச் சென்றான். இந்நோயில் உயிராபத்தும் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஏதேனும் ஒரு காலத்தில் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவராக இருக்கிறார். மாணவ டாக்டர்களுக்குச் சொல்கிறேன்: அதைப் பற்றி நேராகக் கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இந்தச் சபையில் யாருக்கேனும் அத்தகைய எண்ணம் இருக்குமானால், டெலி மானஸ் என்ற அரசாங்கத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது.

அந்தத் தாய் ஒரு நாள் தனியாக வந்தாள். “நல்லாருக்கேன்னும் சொல்லக்கூடாது, நல்லா இல்லேன்னும் சொல்லக்கூடாதுங்கறீங்க. அப்ப நான் என்னதாங்கய்யா சொல்றது?” என்றாள். அவன் மூக்கைப் பற்றிய வழக்கிலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளுங்கள் என்றேன். அவன் கேட்கும்போது, ‘இந்தக் கேள்வி உன்னை இன்றைக்கு ரொம்பப் பாடுபடுத்துகிறது போலிருக்கிறதே’ என்று மட்டும் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு சாப்பாட்டையோ வயலையோ பற்றிப் பேசுங்கள் என்றேன். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் செய்தாள். பதில் சொல்லாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த நாட்கள்தாம் தன் ஆயுளிலேயே கஷ்டமானவை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

கடைசியாக அவனைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை மாலை. பக்கத்து ஊரில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். நாற்காலி எப்படிக் கிடந்ததோ அப்படியே உட்கார்ந்தான். அதை அவன் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். மூக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்: “கோணல்னுதான் சார் இன்னமும் தோணுது. அதுபாட்டுக்குத் தோணுது.” பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதை விட்டால் எட்டு மணிக்குத்தான் என்று சொல்லி, மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். அந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் இடம் கிடைக்கும் என்று அவன் சொல்லவில்லை.